பிறவி இதய வால்வு நோய்க்கான குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு: ஒரு தாயின் மதிப்பீடு

எங்கள் மகள், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் வால்வு மிகக் கடுமையாகச் சுருங்கிய நிலையில் பிறந்தவள். பிறந்த முதல் வாரத்தில் அவளுக்குச் செய்யப்பட்ட பலூன் சிகிச்சை, அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீடித்த கண்காணிப்பு, பள்ளிப் பருவத்தில் செய்யப்பட்ட, சொந்த வால்வு ஒன்றை இடம் மாற்றிவைக்கும் ராஸ் அறுவை சிகிச்சை, இன்றும் தொடரும் பரிசோதனைகள் ஆகிய எல்லாமே ஒரே மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவில்தான் நடந்துவருகின்றன. அந்தப் பிரிவின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நான் சுட்டப்போகும் குறைகள் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை, இதே நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலரிடம் பேசி அறிந்திருக்கிறேன். பிள்ளைக்கு வால்வில் கோளாறு என்று இப்போதுதான் கேள்விப்பட்டு, எந்தப் பிரிவை நம்புவது, அங்கே போய் எதைக் கேட்பது என்று தவிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். வயது வந்த ஒருவருக்கு வால்வு மாற்றும்போது, அவருடைய இதயத்தின் அளவு இனி மாறப்போவதில்லை. குழந்தையின் இதயமோ உடலோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று பொருத்தமாக இருக்கும் சிகிச்சை சில ஆண்டுகளில் போதாமல் போகிறது. அதனால் எந்தச் சிகிச்சையையும் முடிந்த காரியமாக எண்ண இயலாது. ஒவ்வொரு சிகிச்சையும் ஏறக்குறைய எவ்வளவு காலம் தாங்கும், அதற்கடுத்து வரக்கூடியது என்ன, அதுவரை எதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லும் பிரிவுதான் நல்ல பிரிவு என்பது என் துணிபு. எங்கள் பிரிவு பெரிய முடிவுகளில் இந்த அளவுகோலுக்கு மிகச் சிறப்பாக ஈடுகொடுத்தது. காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டிய இடங்களில் தவறியது.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. இதயத்தின் நான்கு வால்வுகளில் எதுவும் குறையோடு அமையலாம்: இதழ்கள் ஒட்டிக்கொண்டு திறப்பு குறுகலாம், இதழ்கள் சரிவர மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியலாம், எப்ஸ்டைன் குறைபாட்டில் நேர்வதுபோல் மூவிதழ் வால்வின் இதழ்கள் தமக்குரிய இடத்தைவிட்டுக் கீழே இறங்கி அமையலாம். மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வில் இரண்டே இதழ்கள் இருப்பது மக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் நடுவயது வரை எந்தத் தொல்லையுமின்றி வாழ்கிறார்கள். வாதக் காய்ச்சலால் வால்வு பழுதாவது இதிலிருந்து வேறானது. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் உறவினர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் பலமுறை விளக்க வேண்டியிருந்தது. கர்ப்ப காலத்தில் நான் ஏதோ தவறு செய்துவிட்டதுபோன்ற பேச்சையும் அப்போதுதான் கேட்க நேர்ந்தது. பிரிவின் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே, நான் கேட்காமலே, தாயின் உணவோ வேலையோ இதற்குக் காரணமல்ல என்று என் கணவரின் முன்னிலையில் தெளிவாகச் சொன்னார். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் டக்டஸ் என்னும் குழாய் திறந்திருப்பதால், இடப்புற வால்வு அடைபட்டிருந்தாலும் உடலுக்கு ரத்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறந்த சில நாள்களில் அந்தக் குழாய் இயல்பாக மூடத் தொடங்கும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. எங்கள் குழந்தை முதலில் நன்றாகவே பால் குடித்தாள். பிறகு குடிக்கும்போதே தலை வியர்த்தது, மூச்சு வேகமெடுத்தது, கைகால்கள் குளிர்ந்து தோல் சாம்பல் நிறமாயிற்று. பிறந்த குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பரிசோதனையில் அவள் தேறியிருந்தாள். அந்தப் பரிசோதனை மிகவும் பயனுள்ளதுதான்; ஆயினும் பெருந்தமனி வால்வுச் சுருக்கத்தை அது தவறவிடக்கூடும் என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பால் குடிக்கத் திணறுவது, வியர்ப்பது, எடை ஏறாதது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது ஆகிய அறிகுறிகளை எந்தக் கருவியின் எண்ணும் பொய்யாக்கிவிடாது.

இந்த இடத்தில் பிரிவின் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அவள் பிறந்த மருத்துவமனையிலிருந்து அழைப்பு சென்றதுமே, டக்டஸ் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் புராஸ்டகிளாண்டின் மருந்தை உடனே தொடங்கும்படி தொலைபேசியிலேயே வழிகாட்டினார்கள். அந்த மருந்து மூச்சை நிறுத்திவிடக்கூடியது என்பதால், செயற்கைச் சுவாசத்துக்கான ஏற்பாட்டோடு தங்கள் குழுவையே அனுப்பி அழைத்துச் சென்றார்கள். இப்படி வெளியிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் ஏற்பாடு ஒரு பிரிவில் இருக்கிறதா என்பது நான் எந்தப் பெற்றோருக்கும் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி.

ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனையை அங்கே விளக்கிய முறையையும் குறிப்பிட வேண்டும். வால்வின் வழியாக ரத்தம் பாயும் வேகத்தை எக்கோ அளக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கிறது. வினாடிக்கு 4 மீட்டர் வேகம் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். எங்கள் மகளுக்கு அந்த எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு நாங்கள் ஆறுதலடைந்தபோது, மருத்துவர் பொறுமையாக அமர்ந்து, இடக் கீழறை களைத்துப்போய் ரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாததால்தான் எண் குறைந்திருக்கிறது, சுருக்கம் கடுமையானதுதான் என்று வரைந்து காட்டினார். பொய்யான நம்பிக்கை தந்து எங்களை அமைதிப்படுத்துவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை.

பலூன் சிகிச்சை பற்றி இரண்டு வார்த்தை. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய வால்வுக்குள் பலூனை ஊதி விரித்து இதழ்களைப் பிரிக்கிறார்கள். குழந்தையின் நுரையீரல் தமனி வால்வில் இதை முதலில் செய்து காட்டியவர் ஜீன் கான், ஆண்டு 1982. நுரையீரல் தமனி வால்வுக்கு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் அருமையாகப் பலன் தருகிறது. பல குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாகவும் அமைகிறது. நூனன் நோய்க்குறி என்னும் மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளைப்போல் இதழ்கள் தடித்துத் திரண்டிருந்தால் பலன் குறைவு. பெருந்தமனி வால்வின் கதை வேறு. நுரையீரல் தமனி வால்வில் வால்வு வளையத்தைவிடச் சற்றுப் பெரிய பலூனைப் பயன்படுத்துகிறார்கள். பெருந்தமனி வால்விலோ வளையத்தின் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இதழ் கிழிந்து கசிவு ஏற்படும் ஆபத்து அதிகம். அளவுக்குள்ளேயே செய்தாலும் ஓரளவு கசிவு வரலாம், மீண்டும் சுருங்கலாம், ஆகவே இது வால்வைக் குணமாக்கும் சிகிச்சை அன்று, குழந்தை வளர அவகாசம் வாங்கித் தரும் சிகிச்சை என்று ஒப்புதல் கையெழுத்துக்கு முன்பே சொன்னார்கள். பச்சிளங் குழந்தையின் தொடைத் தமனி மிக நுண்ணியது என்பதால் அதில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு என்பதையும் மறைக்கவில்லை. அதுதான் நடந்தது. சிகிச்சை முடிந்த இரவு, காலின் நாடியை ஒழுங்காகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் கால் குளிர்ந்து வெளிறுவதை உடனே கண்டுகொண்டார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைத் தொடங்கினார்கள், நாடி திரும்பிற்று. சிக்கல் வந்ததற்காக நான் பிரிவைக் குறை சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துக் காத்திருந்ததற்காகப் பாராட்டுகிறேன்.

அதன் பிறகான புறநோயாளர் சேவை கலவையானது. எக்கோ செய்யும் தொழில்நுட்பர் ஆண்டுகள் தோறும் ஒருவராகவே இருந்ததால் ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் ஒப்பிடுவது நம்பகமாக இருந்தது. அழும் குழந்தையை மயக்க மருந்தின்றி அமைதிப்படுத்தும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. உணவியல் நிபுணர் ஒவ்வொரு வருகையிலும் எடையை வரைபடத்தில் குறித்து, பாலின் கலோரியை எப்படிக் கூட்டுவது என்று சொல்லித்தந்தார். ஆனால் எங்களுக்குத் தரப்பட்ட அச்சிட்ட அறிக்கையில் அழுத்த வேறுபாடும் அறையின் அளவும் வெறும் எண்களாகவே இருந்தன. வளரும் குழந்தையின் இதய அறை 35 மில்லிமீட்டர் என்பதற்குத் தனியாகப் பொருள் ஒன்றும் இல்லை. அவளுடைய உடலளவுக்கு அது இயல்பா, மிகையா என்பதைக் காட்டும் இசட் ஸ்கோர்தான் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தேவை. அந்தக் கணக்கு கணினியில் இருந்தது, அறிக்கையில் இல்லை. நான் கேட்ட பிறகு ஒவ்வொரு முறையும் எழுதித் தந்தார்கள். கேட்கத் தெரியாத பெற்றோருக்கு அது கிடைக்கவில்லை. காத்திருக்கும் நேரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது நீண்டது, அவசரப் பிள்ளைகள் நடுவில் வருவார்கள் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தில் பிரிவு செய்த மிக நல்ல காரியம், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் எக்கோ பார்க்க வைத்தது. இடப்புற வால்வுக் குறைபாடுகள் குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியவை. எங்கள் மகனுக்கு எதுவும் இல்லை; எந்த அறிகுறியும் இல்லாத என் கணவருக்கு இரண்டிதழ்ப் பெருந்தமனி வால்வு இருப்பது தெரியவந்தது. அவர் இப்போது பெருந்தமனியின் விரிவைக் கண்காணித்துக்கொள்கிறார். பிள்ளையின் நோய்க்காகப் போன இடத்தில் தந்தைக்கும் காப்பு கிடைத்தது. உங்கள் பிள்ளைக்குப் பெருந்தமனி வால்வில் குறை என்றால், யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களாகவே கேட்டு இதைச் செய்துகொள்ளுங்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிவு கூடியது, இடக் கீழறை விரிந்தது. மாடிப்படி ஏறிவிட்டு அவள் உட்கார்ந்துவிடத் தொடங்கினாள். அறுவை சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டது என்று முடிவானபின் நடந்த ஆலோசனைக் கூட்டம்தான் இந்தப் பிரிவை நான் பிறருக்குப் பரிந்துரைப்பதற்கான முதன்மைக் காரணம். இதய மருத்துவர், அறுவை மருத்துவர், ஒருங்கிணைப்புச் செவிலியர் மூவரும் எங்களோடு ஒரே மேசையில் அமர்ந்தார்கள். இருந்த வழிகள் நான்கு: வால்வைப் பழுதுபார்ப்பது, இயந்திர வால்வு, விலங்குத் திசுவாலான வால்வு, ராஸ் அறுவை. ஒவ்வொன்றுக்கும் எது சாதகம், எது பாதகம், பத்து ஆண்டுகள் கழித்து அவள் எப்படி இருக்கக்கூடும் என்று எங்கள் மொழியிலேயே கையால் எழுதித் தந்தார்கள்.

பழுதுபார்க்க முடிந்தால் அதுவே எந்தக் குழந்தைக்கும் முதல் தேர்வு. சொந்தத் திசு வளர்கிறது, ரத்தத்தை இளக்கும் மருந்து தேவையில்லை. எங்கள் மகளின் இதழ்கள் பலூனுக்குப் பிறகு சுருண்டு தடித்திருந்ததால் அது நிலைக்காது என்றார்கள். இதய உறையின் திசுவிலிருந்து புது இதழ்களை வெட்டித் தைக்கும் ஒசாகி முறையும் உண்டு. வளரும் குழந்தைகளில் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்பதில் தமக்கு உறுதி இல்லை என்று அறுவை மருத்துவர் நேராகவே சொன்னார். விலங்குத் திசு வால்வு குழந்தைகளின் உடலில் விரைவாகச் சுண்ணாம்பு படிந்து கெட்டுப்போகிறது. பெரியவர்களிடம் உழைப்பதுபோல் சிறுவர்களிடம் உழைப்பதில்லை.

இயந்திர வால்வு உறுதியானது, தேயாதது. ஆனால் வளராது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு நெடுங்காலம் பொருத்தமான அளவே கிடைக்காமல் இருந்தது. 15 மில்லிமீட்டர் வால்வுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல்தான் அனுமதி அளித்தது. வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வராமலிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் எடுக்க வேண்டும். ஐஎன்ஆர் என்னும் உறைவு அளவு, பெருந்தமனி இடத்தில் பொதுவாக 2 முதல் 3 வரையிலும், இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வின் இடத்தில் 2.5 முதல் 3.5 வரையிலும் நிற்க வேண்டும். குறைந்தால் உறைவு, மிகுந்தால் ரத்தக் கசிவு. புதிதாக வந்துள்ள ரத்த இளக்கி மாத்திரைகள் இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு ஆகாது. டாபிகாட்ரான் மருந்தை வைத்துப் பெரியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு, ரத்த உறைவும் ரத்தப்போக்கும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

முடிவெடுக்கும் முன் வார்ஃபரின் எடுக்கும் குழந்தைகளுக்கான வகுப்பில் எங்களை உட்கார வைத்தார்கள். இதுபோன்ற ஏற்பாட்டை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து வீட்டிலேயே ஐஎன்ஆர் பார்க்கும் கருவியை ஒவ்வொரு பெற்றோரும் தம் கையால் இயக்கிப் பழகினார்கள். கீரையை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் கொடுத்தால் போதும் என்பது அங்கே கற்றது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் கே குறைவாகக் கிடைப்பதால் மருந்து மிகையாக வேலை செய்யும், வைட்டமின் கே சேர்க்கப்பட்ட பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு மருந்து ஏறவே மறுக்கும் என்பதும், காய்ச்சலும் ஆன்டிபயாட்டிக்கும் அளவைக் குலைக்கும் என்பதும், வலிக்கு ஐபுரூஃபன் கூடாது என்பதும் அப்படித்தான் தெரிந்தன. கடைசியில் நாங்கள் இயந்திர வால்வைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும், எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்தே வேண்டாம் என்றோம்.

நாங்கள் தேர்ந்தது ராஸ் அறுவை. டொனால்ட் ராஸ் 1967-இல் தொடங்கிவைத்த இந்த முறையில், குழந்தையின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்துப் பெருந்தமனி இடத்தில் வைத்து, இதயத் தமனிகளை அதில் மீண்டும் பொருத்தி, காலியான நுரையீரல் தமனி இடத்தில் கொடையாளரின் வால்வான ஹோமோகிராஃப்டை வைக்கிறார்கள். இடம் மாறிய வால்வு உயிருள்ள திசு, குழந்தையோடு வளர்கிறது, வார்ஃபரின் வேண்டாம். ஆனால் ஒரு வால்வில் இருந்த நோயை இரண்டு வால்வுகளுக்குப் பங்கிட்டு வைக்கிறோம் என்பதை அறுவை மருத்துவர் தாமாகவே சொன்னார். ஹோமோகிராஃப்ட் வளராது, சுருங்கும், என்றேனும் மாற்ற வேண்டிவரும். புது இடத்துக்குப் போன வால்வின் வேர்ப்பகுதி உடலின் உயர் அழுத்தத்தைத் தாங்கி விரிந்துபோகலாம், மீண்டும் கசியலாம். எல்லா மருத்துவமனைகளிலும் இதைச் செய்யத் தேர்ந்த கைகள் இல்லை. உங்கள் பிரிவில் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகளுக்கு ராஸ் செய்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

2022-இல் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் பச்சிளங் குழந்தை ஒன்றுக்குக் கொடையாளர் இதயத்திலிருந்து உயிருள்ள வால்வுகளை மட்டும் எடுத்துப் பொருத்திய செய்தியைப் படித்திருந்ததால் அதைப் பற்றியும் கேட்டேன். வால்வுகள் உயிரோடு வளர்வதற்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும், எங்கள் மகளுக்குச் சொந்த வால்வே கைவசம் இருக்கும்போது அந்தச் சுமை தேவையில்லை என்று விடை கிடைத்தது. ஓயாமல் கேள்வி கேட்கும் பெற்றோரைத் தொல்லையாகப் பார்க்காத இடம் அது.

அறுவையும் தீவிர சிகிச்சை நாள்களும் திட்டமிட்டபடி நடந்தன. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவது, இதயத்தின் மின்னோட்டத்தில் தடை ஏற்பட்டுத் தற்காலிகப் பேஸ்மேக்கர் கம்பிகள் தேவைப்படுவது, குரல் கம்முவது, இதயத்தைச் சுற்றி நீர் கோப்பது போன்றவற்றை முன்பே பட்டியலிட்டுச் சொல்லியிருந்ததால், முதல் இரவில் துடிப்பு தாறுமாறாக ஓடியபோது நாங்கள் நிலைகுலையவில்லை. நெஞ்செலும்பு கூடும் வரை, அதாவது ஆறு முதல் எட்டு வாரம் வரை, பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல் ஒரு கையைப் பின்புறத்தின் கீழும் மற்றொன்றை முதுகிலும் கொடுத்துத் தூக்க வேண்டும் என்பதைப் பாட்டி உட்பட வீட்டார் அனைவரையும் அழைத்துச் செய்து காட்டினார் ஒருங்கிணைப்புச் செவிலியர்.

இனி குறை. அறுவைக்குப் பிறகு கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கையில், பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்ற பழைய வரி அப்படியே இருந்தது. பலூன் சிகிச்சை மட்டும் செய்திருந்த காலத்தில் அது சரி. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2007 வழிகாட்டல், எண்டோகார்டைட்டிஸ் என்னும், இதயத்தின் உட்புறத்திலும் வால்விலும் பற்றும் கிருமித் தொற்று வந்தால் மிகக் கேடு விளையும் குழந்தைகளுக்கு மட்டுமே அந்த மருந்து தேவை என்று வரையறுத்தது. செயற்கை வால்வும் ஹோமோகிராஃப்டும் வைத்தவர்கள், முன்பே எண்டோகார்டைட்டிஸ் வந்தவர்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும் இதய நோய் சரிசெய்யப்படாமல் உள்ளவர்கள் முதலானோர் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். ராஸ் அறுவைக்குப் பிறகு எங்கள் மகளும் அதற்குள் வந்துவிட்டாள். பழைய அறிக்கையிலிருந்து நகலெடுத்த ஒரு வரி, அவளைக் காப்பின்றிப் பல் பிடுங்க உட்கார வைத்திருக்கும். கவனமான பல் மருத்துவர் ஒருவர் ஹோமோகிராஃப்ட் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்திப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசியதால் தப்பினோம். வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் அமாக்சிசிலின், உச்ச அளவு 2 கிராம், சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரே தடவையாக. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. முன்பு பரவலாகக் கொடுத்துவந்த கிளிண்டாமைசினை அதே சங்கம் 2021 முதல் பரிந்துரைப்பதில்லை. புகார் எழுதியபோது பிரிவு மன்னிப்புக் கேட்டு, எல்லா ராஸ் குழந்தைகளின் அறிக்கைகளையும் மீண்டும் சரிபார்த்து, பையில் வைத்துக்கொள்ளும் அட்டை ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தது. திருத்திக்கொண்டதை மதிக்கிறேன். ஆயினும் இத்தனை நுட்பமான அறுவையைச் செய்யத் தெரிந்த இடத்தில், ஒரு தாளை மீண்டும் படித்துப் பார்க்க ஒருவர் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இதனோடு சேர்ந்தது இரவுத் தொலைபேசி. வால்வில் கொடையாளர் திசு உள்ள குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். மருந்தை முதலில் கொடுத்துவிட்டால் கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போய், எண்டோகார்டைட்டிஸ் வாரக்கணக்கில் மறைந்திருக்க முடியும். இதைப் பகலில் மிக நன்றாகச் சொல்லித்தந்த பிரிவு, இரவில் அழைத்தால் பொதுத் தொலைபேசிக்கு இணைப்பை மாற்றிவிடுகிறது. அங்கே எடுப்பவருக்கு இந்த விதி தெரியவில்லை. பெற்றோர் விவரம் அறிந்தவர்களாக இருந்தால் சமாளிக்கலாம். எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மனநல ஆலோசனையும் பெயரளவில்தான் இருக்கிறது. மார்பிலுள்ள தழும்பைப் பற்றி வகுப்பில் கேட்டார்கள் என்று அவள் அழுதபோது, பேச ஆள் தேடி நாங்கள் வெளியேதான் போக வேண்டியிருந்தது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தகைய பெரிய பிரிவு தேவைப்படுவதில்லை. லேசான நுரையீரல் தமனி வால்வுச் சுருக்கமோ தொல்லை தராத இரண்டிதழ் வால்வோ என்றால், அருகிலுள்ள குழந்தை இதய மருத்துவரிடம் முறையாகக் காட்டிவருவது போதும். தொலைதூரம் அலைந்து பிள்ளையையும் உங்களையும் வருத்திக்கொள்ள வேண்டாம். பச்சிளம் பருவத்திலேயே வெளிப்பட்ட சுருக்கம், மிட்ரல் வால்வின் பிறவிக் கோளாறு, எப்ஸ்டைன் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகளில் குறை என்றால் அறுவை மருத்துவரும் பலூன் நிபுணரும் தீவிர சிகிச்சைக் குழுவும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்தையே நாடுங்கள். அங்கும் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் அறிக்கையையும் வீட்டுக்குக் கிளம்பும் முன் செவிலியரோடு அமர்ந்து வரிவரியாகப் படித்துவிடுங்கள். மருந்தின் அளவு, எண்டோகார்டைட்டிஸ் காப்பு, அடுத்த எக்கோவின் தேதி, விளையாட்டுக்கான அனுமதி ஆகிய நான்கும் அதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் மகள் இப்போது ஓடுகிறாள், நீந்துகிறாள். களைத்தால் தானாகவே நின்றுகொள்ள விட வேண்டும் என்று பள்ளிக்குப் பிரிவே கடிதம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு எக்கோவிலும் புது வால்வின் வேர்ப்பகுதி எவ்வளவு விரிந்திருக்கிறது, ஹோமோகிராஃப்ட் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்கிறார்கள். அறிக்கையில் இசட் ஸ்கோரும் இப்போது அச்சாகி வருகிறது. ஹோமோகிராஃப்ட் சுருங்கும் நாளில் மீண்டும் நெஞ்சைத் திறக்காமல், 2000-ஆம் ஆண்டில் ஃபிலிப் போன்ஹோஃபர் முதன்முதலாகச் செய்த முறையில், தொடையின் சிரை வழியாகவே புது வால்வை உள்ளே வைக்க இயலுமா என்பது அவளுடைய தமனியின் அளவையும் இதயத் தமனிகள் எவ்வளவு அருகில் ஓடுகின்றன என்பதையும் பொறுத்தது; அதற்கான சி.டி. ஸ்கேனை அவள் இன்னும் சற்று வளர்ந்தபின் எடுப்பதாகத் திட்டம். பெரியவர்களுக்கான பிறவி இதய நோய்ப் பிரிவுக்கு அவளை ஒப்படைக்கும் பணியைப் பதின்பருவத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கிறார்கள். தன் நோயின் பெயரையும் தனக்குச் செய்த அறுவையின் பெயரையும் தானே சொல்லப் பழக்குவது அதன் முதல் படி என்றும், அடுத்த வருகையில் மருத்துவரின் கேள்விகளுக்கு எங்களுக்கு முன்பாக அவளே விடை சொல்ல வேண்டும் என்றும் ஒருங்கிணைப்புச் செவிலியர் சொல்லியிருக்கிறார்.